கம்மங்கஞ்சிக்குச் சான்று தேவை

கரிசல் இலக்கியத்தைப் படித்தவர்களுக்குக் கம்மங்கஞ்சி அறிமுகமற்ற பொருளன்று. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள இந்த மானாவாரிப் பூமியின் தானியங்களையும் அவற்றோடு தொட்டுக்கொள்ளும் வெஞ்சனங்களையும் தமிழ் வாசகர்கள் பெரும்பாலும் சிறுகதைகள், நாவல்கள் வழியாகவே அறிந்திருக்கிறார்கள். ஆனால் அக்கதைகளைப் படித்த ஒருவர் ஒரு படி கம்மம்புல்லை வாங்கி வந்து சமைக்கத் தொடங்கினால் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்? கதை உணவின் பெயரைச் சொல்லும். உண்டவனின் பசியைச் சொல்லும். தானியத்தின் மேல் தண்ணீரை எப்போது தெளிக்க வேண்டும், எவ்வளவு தெளிக்க வேண்டும் என்று சொல்லாது. அது கதையின் வேலையும் அன்று.

அந்த வேலையை வேறு யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடினால், மிகச் சிறிதளவே கிடைக்கிறது. ஆகவே, தமிழிலக்கியம் கற்றவர்கள் விக்கித் தளங்களில் தொகுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும், அங்கே தம் வட்டாரத்துச் சமையலறிவை எழுதுவதைத் தொடக்கப் பணியாகக் கொள்ள வேண்டும் என்றும் கருதுகிறேன். இதைச் சொல்வது எளிது. செய்ய முற்படும்போது ஒரு தடை எதிர்ப்படுகிறது. அந்தத் தடை கணினியில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமையலறிவு என்று எதைச் சொல்கிறேன் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். கம்மம்புல்லைக் கல் நீக்கிச் சுத்தம் செய்து, சிறிது நீர் தெளித்துப் பிசறி, சற்று நேரம் கழித்து உரலிலிட்டுக் குத்துவார்கள். ஈரம் குறைந்தால் தோல் கழலாது. கூடினால் மணி நசுங்கித் தவிட்டோடு ஒட்டிக்கொள்ளும். சுளகில் புடைத்துத் தவிட்டை நீக்கியபின் மறுபடியும் இடித்துச் சலித்தால் குருணை ஒருபுறமும் மாவு ஒருபுறமும் பிரியும். உலை கொதித்ததும் முதலில் போடவேண்டியது குருணை. அது வெந்து வரும்போது மாவைக் கரைத்து ஊற்றித் துடுப்பால் விடாமல் கிண்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மாவு கட்டி தட்டும், குருணை வேகாமல் நிற்கும். ஆறிய களியை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள்வரை கெடாது. காலையில் அவ்வுருண்டையை மோர் விட்டுக் கரைத்தால் கஞ்சி. உருண்டை கிடந்த தண்ணீரும் வீணாவதில்லை.

இவற்றில் எதுவும் தற்செயலாக அமைந்ததன்று. கம்பு மற்றத் தானியங்களைவிடக் கொழுப்பு மிகுந்தது. மணி உடைந்து மாவானதும் அதிலுள்ள நொதிகள் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்கிவிடுகின்றன. சில நாட்களிலேயே மாவு கசக்கிறது. அன்றைக்கு வேண்டியதை அன்றைக்கே குத்திக்கொள்ளும் வழக்கத்துக்கு இது வலுவான காரணம். ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததையொட்டி, பொட்டலத்தில் அடைத்த கம்பு மாவு நகரத்து அங்காடிகளில் பரவலாக அடுக்கப்பட்டது. பல நாள் கிடந்த மாவை வாங்கிக் கிண்டிவிட்டுக் கம்பே கசப்பு என்று முடிவுகட்டுபவருக்கு, கசப்பது தானியமன்று என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் எழுபதையும் எண்பதையும் கடந்த பெண்கள். அவர்களில் பலருக்கு எழுத்தோடு உறவில்லை. நியாயவிலைக் கடை அரிசியும் மின்னரவையும் வந்தபின் அவர்களுடைய மகள்களுக்கு உலக்கையோடும் உறவில்லை. உலக்கையின் உழைப்பு ஒழிந்ததற்காக வருந்துபவன் அல்லன் நான். அந்த உழைப்பால் பெற்ற அறிவும் உடன் ஒழிய வேண்டியதில்லை என்பதே என் வாதம்.

இதே ஊரில் இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான விண்ணப்பம் 2014இல் அளிக்கப்பட்டது. உற்பத்தியாளர்களும் சில்லறை விற்பனையாளர்களும் சங்கமாகக் கூடியே அதை அளித்தார்கள். நிலக்கடலை எந்த மண்ணில் விளைகிறது, வெல்லம் எங்கிருந்து வருகிறது, தண்ணீர் எந்த ஆற்றினுடையது, பாகு எப்படிக் காய்ச்சப்படுகிறது என்பன போன்ற விவரங்கள் அந்த விண்ணப்பத்தின் வழியாக அரசு ஆவணத்தில் ஏறிவிட்டன. நாளை யாரேனும் கடலைமிட்டாய் குறித்துக் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுத முனைந்தால் மேற்கோள் காட்டத் தாள் இருக்கிறது. விலைக்கு விற்ற பண்டத்துக்குச் சங்கமும் ஆவணமும் அமைந்தன. வீட்டுக்குள் ஆக்கிப் பரிமாறிய கம்மங்கஞ்சிக்கு அவ்வாறு எதுவும் அமையவில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விக்கியில் நாம் சந்திக்கப்போகும் தடையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

விக்கி என்பது ஹவாய் மொழியில் ‘விரைவு’ என்று பொருள்படும் சொல். வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் 1995இல் யாரும் திருத்தக்கூடிய முதல் விக்கித் தளத்தை உருவாக்கினார். விக்கிப்பீடியா 2001இல் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதன் தொடக்க ஆண்டுகளில் பெரும் பங்காற்றிய யாழ்ப்பாணத்துக்காரரான இ. மயூரநாதனுக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அளித்தது இலக்கிய வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2017இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்தது.

தொகுக்கக் கற்பதில் கடினம் ஏதுமில்லை. ‘தொகு’ என்னும் சொல்லைத் தட்டினால் பக்கம் எழுதுவதற்குத் திறந்துகொள்ளும். முதலில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தலாம். பிறகு விடுபட்ட ஒரு வட்டாரப் பெயரைச் சேர்க்கலாம். பழகிப் பார்ப்பதற்கு ‘மணல்தொட்டி’ என்றொரு பக்கம் இருக்கிறது. குழந்தைகள் மணலில் எழுதி அழிப்பதைப்போல அங்கே எழுதி அழிக்கலாம். ஐயங்களைக் கேட்கும் பொதுவிடத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மாற்றமும் யார் எப்போது செய்தது என்று வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. ஒருவர் கெடுத்ததை மற்றொருவர் ஒரே தட்டில் மீட்டுவிடலாம். கைப்பேசியில் தமிழ் தட்டத் தெரிந்த எவருக்கும் ஒரு வாரப் பயிற்சி போதும்.

தடை அதன்பிறகு வருகிறது. நம்முடைய கம்மங்கஞ்சிச் செய்முறையை அப்படியே விக்கிப்பீடியாவில் எழுதினால் அது நிலைக்காது. இரண்டு விதிகள் குறுக்கே நிற்கின்றன. முதலாவது, விக்கிப்பீடியா கலைக்களஞ்சியமே அன்றிச் சமையல் கையேடு அன்று என்பது. ஓர் உணவின் வரலாறு, வழங்கும் பகுதி, மூலப்பொருள், சமூக இடம் ஆகியவை அங்கே பொருந்தும். ‘இரண்டு உழக்கு எடுத்துக்கொள்ளவும்’ என்ற நடை பொருந்தாது. இவ்விதி நியாயமானது. இதற்கு மாற்றும் உண்டு. செய்முறைகளுக்கு உரிய இடம் அதன் உடன்பிறப்பான விக்கிநூல்கள். ஆங்கில விக்கிநூல்களில் சமையலுக்கென்றே பெரியதொரு பகுதி உள்ளது. சொற்களுக்கு விக்சனரி, படங்களுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் பொதுவகம். ஒரே கம்மங்கஞ்சி நான்கு வீடுகளில் நான்கு வடிவங்களில் குடியிருக்கலாம். எதை எங்கே வைப்பது என்று பிரித்தறிவதுதான் விக்கிக் கல்வியின் பெரும்பகுதி. தொகைநூல் மரபில் வந்த நமக்குப் பாகுபாடு செய்வது அந்நியமான கலை அன்று.

இரண்டாவது விதியே கடுமையானது. விக்கிப்பீடியாவில் எழுதுவது எதுவாயினும் முன்பே வெளியான நம்பத்தகுந்த மூலத்திலிருந்து சரிபார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். சொந்த ஆய்வுக்கு அங்கே இடமில்லை. ‘என் அப்பத்தா இப்படித்தான் செய்வாள்’ என்பது உண்மையாகவே இருக்கலாம். எனினும் அதன் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்ற குறிப்பு வந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்த விதியைப் பழிப்பதற்கில்லை. இது இல்லாவிட்டால் ஒவ்வொரு மூலிகையும் சர்க்கரை நோயை வேரறுக்கும் என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆனால் விதி எல்லோர்மீதும் ஒரே எடையில் விழுவதில்லை என்பதை நாம் சொல்லியாக வேண்டும். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதற்பாகம் 1951இல் வெளிவந்தது. அளவும் பக்குவமும் தவறாமல் எழுதப்பட்ட அருமையான நூல். தலைமுறைகள் அதைப் பார்த்துச் சமைத்திருக்கின்றன. அது பதிவுசெய்தது தமிழ்ப் பிராமணக் குடும்பமொன்றின் சைவச் சமையலை. அக்குடும்பத்தின் குழம்புக்கும் ரசத்துக்கும் அச்சில் சான்று இருக்கிறது. குத்தித் தின்ற கம்மம்புல்லுக்கும், சோளச் சோற்றுக்கும், குதிரைவாலிக்கும், ஊர்ப்புறத்துக் கறிக்குழம்புக்கும் அப்படியொரு மீனாட்சி அம்மாள் வாய்க்கவில்லை. எழுத்தும் அச்சும் யார் வீட்டுக்குள் முதலில் நுழைந்தனவோ அவர்கள் வீட்டு அடுப்பே சான்றுடைய அடுப்பாகிறது. விக்கி இந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்கவில்லை. ஆயினும் தன் விதியின் வழியாக அதைப் புதிய ஊடகத்துக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறது.

இது நமக்கு மட்டும் தோன்றிய ஐயமும் அன்று. 2011இல் அச்சல் பிரபலா என்பவர் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆதரவுடன் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு சோதனையை நடத்தினார். மலையாளம், இந்தி, செபேடி ஆகிய மொழிகளில், அச்சில் ஏறாத உள்ளூர் வழக்கங்களை அறிந்தவர்களிடம் பேட்டி கண்டு ஒலிப்பதிவு செய்து, அப்பதிவுகளையே சான்றாகக் கொண்டு கட்டுரைகள் எழுதப்பட்டன. ‘மக்களே அறிவு’ என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆவணப்படமும் வெளிவந்தது. வாய்மொழியைச் சான்றாகக் கொள்வது பலத்த விவாதத்துக்கு உள்ளாயிற்று. அது விக்கிப்பீடியாவின் பொதுவிதியாக நிலைபெறவில்லை.

விதி மாறும்வரை காத்திருக்க நமக்குக் காலமில்லை. அது தேவையும் இல்லை. விதி கேட்பது வெளியான மூலம். மூலத்தை வெளியிடும் தகுதியும் வாய்ப்பும் உடையவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தமிழ்த்துறையினரும் சிற்றிதழ்க்காரர்களும்தான். நா. வானமாமலை 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழ் நாட்டார் வழக்காறு குறித்த ஆய்வுகளுக்கு அச்சில் இடம் கொடுத்தது. அதனால்தான் இன்று அவற்றை மேற்கோள் காட்ட முடிகிறது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை தென்மாவட்டங்களில் களப்பணிக்கு ஓர் ஒழுங்கைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நம் முன்னே வழியே இல்லை என்று சொல்ல முடியாது.

இவர்கள் எல்லோரையும்விடப் பொருத்தமான முன்னோடி இடைசெவலில் இருந்தார். கி. ராஜநாராயணனின் ‘கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி’ 1982இல் வெளிவந்தது. பல்கலைக்கழகத்தின் பொருளுதவியோ பதவியோ இல்லாத ஒரு சம்சாரி, தன்னைச் சுற்றிப் புழங்கிய சொற்களை அகராதியாக்கினார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்ததெல்லாம் அதற்குப் பிற்பாடு. கோவில்பட்டியில் 2022இல் அவருக்கு மணிமண்டபம் எழுந்துள்ளது, மகிழ்ச்சி. அவர் சொல்லுக்குச் செய்ததை நாம் சோற்றுக்குச் செய்வது அவருக்கு இன்னும் பொருத்தமான மரியாதையாக இருக்கும்.

நடைமுறையில் இது மூன்று படிகள். முதற்படி களம். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஓர் உணவை எடுத்துக்கொண்டு குறைந்தது மூன்று வீடுகளில், மூன்று சமூகங்களில், சமைக்கும்போதே உடனிருந்து குறிப்பெடுக்கட்டும். கேட்டு எழுதினால் போதாது. கை செய்வதை வாய் விட்டுவிடும். ‘கண்ணளவு’ என்பதைக் கண்ணளவு என்றே எழுதிவிட்டு, அடுத்த வரியில் அது எத்தனை கிராம் என்று நிறுத்தும் எழுத வேண்டும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது வாய்பாடு. ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறியது. அளவைக் குறிக்காத செய்முறை பாதிச் செய்முறையே. இரண்டாம்படி அச்சு. ஆய்வேடாகக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டுவதை விட்டுவிட்டு இதழிலோ தொகுப்பு நூலிலோ வெளியிட வேண்டும். மூன்றாம்படியே விக்கி. முதல் இரண்டும் நடந்திருந்தால் ‘சான்று தேவை’ என்ற குறிப்புக்கு வேலையில்லை. 2017இல் தமிழகத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியாப் பயிற்சி அளிக்கப்பட்டது. கல்லூரித் தமிழ்த்துறைகளிலும் அது பாடத்தின் ஒரு பகுதியாக வேண்டும்.

பெயர்களில் ஒரு சிக்கல் வரும். நாம் காணம் என்பதைப் பிற பகுதிகளில் கொள்ளு என்கிறார்கள். நம்முடைய சீனியவரைக்காய் வேறிடங்களில் கொத்தவரங்காய். கட்டுரைத் தலைப்பாக எதை வைப்பது? விக்கியில் ‘வழிமாற்று’ என்றொரு வசதி இருக்கிறது. காணம் என்று தேடுபவரும் கொள்ளு என்று தேடுபவரும் ஒரே பக்கத்துக்கு வந்து சேர்வார்கள். தலைப்பில் பொதுவழக்கு வென்றாலும் வட்டாரச் சொல் தொலைவதில்லை. விக்சனரியில் அச்சொல்லுக்குத் தனிப்பக்கம் திறந்து, வழங்கும் பகுதியைக் குறித்து, கி.ரா.வின் அகராதியில் அது இருந்தால் சான்றும் காட்டலாம். தலைப்புக்காகச் சண்டையிடும் நேரத்தில் பத்து வழிமாற்றுகளை உருவாக்கிவிடலாம்.

இலக்கிய நண்பர்கள் எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடிய, கையொப்பமில்லாத எழுத்தில் எழுத்தாளனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். கதைக்கு அக்கேள்வி பொருந்தும். சமையலறிவு தொடக்கத்திலிருந்தே அப்படிப்பட்ட எழுத்துத்தான். மாமியார் சொன்னதை மருமகள் சற்று மாற்றினாள், அவள் மகள் புகுந்த ஊரில் இன்னும் சற்று மாற்றினாள். வட மாவட்டத்துக்காரர் ஒருவர் வந்து, ‘எங்கள் பக்கம் கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்தே கூழ் காய்ச்சுவோம்’ என்று எழுதினால் அது நம் பக்கத்தைக் கெடுப்பதாகாது. அதற்கொரு துணைத்தலைப்பு கொடுத்தால் போதும். யாழ்ப்பாணத்தார் ஒடியற்கூழைப் பற்றி எழுதும்போது, பனை வளரும் விளாத்திகுளத்துப் பக்கத்து வாசகருக்குப் புதியதொன்று தெரியவரும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்றிருக்கிறது. விக்கியில் எழுதப்படுவது படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் வருகிறது. பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தின்கீழ் யாரும் அதைப் பயன்படுத்தலாம். வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். ஒரு கிழவியின் கைப்பக்குவத்தை நாம் எழுதி வைக்க, ஏதோவொரு நிறுவனம் அதைப் பொட்டலமாக்கி விற்றால் அவளுக்கு ஒரு காசும் வராது. இந்த அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. பாகுப் பதத்தை நம்பிப் பிழைக்கும் ஒருவரின் தொழில் நுணுக்கத்தை அவர் இசைவில்லாமல் எழுதுவது அறமன்று. அத்தகையவற்றுக்குப் புவிசார் குறியீடு போன்ற வேலிகள் பொருந்தும். வீட்டுச் சமையலிலும், எங்கே வெளியாகும், யார் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்லி இசைவு பெற்ற பிறகே பேனாவைத் திறக்க வேண்டும். இசைந்தவர் விரும்பினால், அச்சில் வரும் கட்டுரையில் அவர் பெயர் தகவலாளியாக இடம்பெற வேண்டும். பிறர் சமையல் நூலிலிருந்து நாம் படியெடுக்கலாகாது என்பதும் இதோடு சேர்ந்ததே. செய்முறை பொதுவானதாக இருக்கலாம். அதை விவரிக்கும் உரைநடை எழுதியவருக்கு உரியது.

இந்த எச்சரிக்கைகளோடு தொடங்குவதற்கு ஒரு பொருளை முன்மொழிகிறேன்: அதலைக்காய். மழைக்காலத்தில் கரிசல் காடுகளில் தானாகப் படரும் கொடி. சிறிய, கசப்பான காய். பறித்தபின் அதிகநேரம் வைத்திருக்க முடியாது, வெடித்துவிடும். அதனால் தொலைதூரச் சந்தைகளுக்கு எளிதில் போவதில்லை. இதைப் பொரியலும் செய்வார்கள், புளிக்குழம்பும் வைப்பார்கள். எந்தப் பருவத்துக் காயைப் பறிப்பது, கசப்பை எவ்வளவு எடுப்பது, எவ்வளவு விட்டுவைப்பது என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு வேறுபடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் இருப்பவர்கள் காயைப் படமெடுத்துப் பொதுவகத்தில் ஏற்றலாம். சமைப்பவரின் இசைவோடு மூன்று வீட்டுப் பக்குவத்தைக் குறித்துக்கொண்டு ஓர் இதழுக்குக் கட்டுரையாக அனுப்பலாம். அது வெளியான பிறகு விக்கிப்பீடியாவில் அதலைக்காய்ப் பக்கத்தைத் திறந்து, ‘தொகு’ என்பதைத் தட்டி, வெளியான இதழின் பெயரையும் மாதத்தையும் சான்றாகச் சேர்க்கலாம். வரும் மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் மணல்தொட்டியில் எழுதிப் பழகிவிடலாம்.